இரவல் பிள்ளையும் இரண்டு பக்கக் கடிதமும்

நான் நன்றாகக் கடிதம் எழுதுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, குற்றத்தை ஒப்புக்கொள்வதற்காகச் சொல்கிறேன். அரசாங்கக் கந்தோர்களுக்கு இங்கிலீசில் கடிதம் எழுத உட்கார்ந்தால், 'மேற்படி விடயம் சார்பாக' என்று தொடங்கி 'தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்' என்று முடிக்கும்வரை என் பேனை ஓரிடத்திலும் நிற்காது. அந்தப் பேனையால், ஒரே பின்னேரத்தில், ஒரு குடும்பத்தின் ஐந்து ஏக்கர் காணியையும் ஒரு பெண்பிள்ளையின் படிப்பையும் இல்லாமற் செய்யப் பார்த்தவன் நான். அந்தக் கடிதத்தில் ஓர் எழுத்துப்பிழைகூடக் கிடையாது.

கொலனி டிஸ்பென்சரிகளுக்குப் புதிதாக நியமனம் பெற்று வரும் இளம் அப்போதிக்கரிமாருக்காக இதை எழுதுகிறேன். மருந்து கலக்கும் முறை பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அதைப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். கொலனிப் பிள்ளைகளுக்கு வழி காட்டுவது எப்படி என்று ஒருவரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். எப்படிக் காட்டக்கூடாது என்று என்னால் சொல்ல முடியும்.

கொலனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கிளிநொச்சியிலிருந்து அக்கராயன் பக்கமாகப் போகும் வழியில் ஏதோ ஒரு வாய்க்கால்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். காரணம் போகப் போக விளங்கும்.

1. இருநூற்றாறு எலும்புகள்

ஐம்பதுகளின் பிற்பகுதியில் நான் அங்கே போனபோது, காணியில்லாதவர்களை அரசாங்கம் காட்டில் குடியேற்றிய அந்தக் கொலனிக்கு எட்டு வயது. ஆகவே எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒருவரும் அந்த மண்ணில் பிறந்தவர் இல்லை. தீவுப்பகுதியிலிருந்து வந்தவர்கள் கடலைப் பற்றிக் கதைப்பார்கள். வலிகாமத்திலிருந்து வந்தவர்கள் புகையிலையைப் பற்றிக் கதைப்பார்கள். முல்லைத்தீவிலிருந்து வந்து சந்தியில் கடை போட்டிருந்த காசிம் நானா எல்லோரோடும் எல்லாவற்றையும் பற்றிக் கதைப்பார். ஊருக்குப் பெயர் என்று தனியாக ஒன்று இல்லை. 'நாங்கள் நாலாம் வாய்க்கால்', 'அவை ஏழாம் வாய்க்கால்' என்று இலக்கத்தைத்தான் சொல்வார்கள்.

டிஸ்பென்சரி இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரு வாங்கு. வருகிறவர்கள் மிக்ஸ்சர் மருந்துக்கு வெறும் போத்தல் கொண்டு வரவேண்டும். நோய்களும் எண்ணி எடுக்கக்கூடியவை: காய்ச்சல், சிரங்கு, வயிற்றுப் பூச்சி, மண்வெட்டி வெட்டு, காலபோக உழவு தொடங்கினால் பாம்பு.

தெய்வானை என்ற பெண்ணுக்குக் காலில் ஆறாத புண். அவரை ஒவ்வொரு நாளும் டிரெசிங்குக்குக் கூட்டி வருகிறவள் அந்த வீட்டின் மூத்த பிள்ளை பூமணி, பதினேழு வயது. நான் புண்ணைக் கழுவும்போது மற்றவர்கள் முகத்தைத் திருப்புவார்கள். அவள் என் கையைப் பார்ப்பாள். ஒரு நாள் என் உதவியாளான ஓடலி தன் எருமை காணாமற்போனதென்று காட்டுக்குள் போய்விட்டார். நானும் பிந்தித்தான் வந்தேன். வந்து பார்த்தால் கத்தரிக்கோலும் இடுக்கியும் கொதித்து ஆறி, நான் எடுக்கும் ஒழுங்கிலேயே தட்டில் இருந்தன.

"ஆர் பிள்ளை இதுகளை அவிச்சது?"

"நான்தான் ஐயா."

"எங்கை பழகினனீர்?"

"நீங்கள் செய்யேக்கை பாத்தனான். நீங்கள் ரெண்டாவதா எடுக்கிறதை முதல் வைக்கிறனீங்கள். அதாலைதான் உங்களுக்குச் சுணங்குது. நான் மாத்தி வைச்சிருக்கிறன்."

அந்த இடத்தில் நான் மிக்ஸ்சரைக் கலக்கிக்கொடுத்து என் வேலையோடு நின்றிருக்கலாம். ஆனால் மருத்துவக் கல்லூரிப் பரீட்சை மூன்று முறை எழுதித் தவறியவன் நான். மூன்றாம் முறை திருத்தியவருக்கு என் கையெழுத்து நன்றாகப் பழகியிருக்கும். அப்படிப்பட்டவர்கள் மற்றவர்களின் பிள்ளைகளைப் படிப்பிப்பதில் மிகத் தீவிரமாக இருப்பார்கள். அடுத்த சனிக்கிழமையே வகுப்புத் தொடங்கிவிட்டேன். பூமணி, அவளுடைய சிநேகிதி திலகம், காசிம் நானாவின் மகள் ஹயருன்னிசா என்று மூன்று பேர். மூவரையும் தாதிப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை என்று தீர்மானித்தேன். இந்தத் தீர்மானத்தை அவர்களுக்கு அறிவிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

என்னிடம் கிழிந்த உடற்கூற்றுப் புத்தகம் ஒன்று இருந்தது. முதலாம் பக்கத்தில் எலும்பு. ஆகவே எலும்பிலிருந்து தொடங்கினேன். இருநூற்றாறு எலும்புக்கும் லத்தீன் பெயர். ஐந்து சனிக்கிழமை போனது. கைவிரல்களைக் கடந்து மணிக்கட்டுக்கு வந்தபோது கொலனி மருத்துவிச்சி ஞானம் மிஸ்ஸி விறாந்தையில் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். ஐம்பது வயது மனுசி. கொலனியின் பிள்ளைகளில் பாதிப்பேர் அவர் கையில்தான் வந்தவர்கள். சற்று நேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

"ஐயா, காலெலும்புக்கு எப்ப வருவியள்?"

"மார்கழிக்குள்ளை வந்திடும்."

"பாவங்கள். அதுவரைக்கும் ஒருத்தரும் விழுந்து கால் முறிக்காமல் இருக்கவேணும்."

அன்று பின்னேரமே மூவரையும் பிள்ளை பிறந்த வீடொன்றுக்குக் கூட்டிப் போனார். காய்ச்சற்குழாய் வைத்துச் சூடு பார்க்க, குழந்தையைக் குளிப்பாட்ட, கண்ணுக்கு மருந்து விட, நாடி எண்ண அவர்தான் பழக்கினார். பிறகு பெற்றோரிடம் போய்ச் சம்மதம் கேட்டவரும் அவர்தான். நான் எலும்பைத் தொடர்ந்தேன்.

மூவரிலும் பூமணிதான் கெட்டிக்காரி. எஸ்.எஸ்.சி.யும் பாஸ் பண்ணிவிட்டாள். ஒரு சனிக்கிழமை போத்தல்களைக் கழுவிக்கொண்டு கேட்டாள்:

"ஐயா, அங்கை பயிற்சிக்குப் போனா, ஆருடைய பிள்ளை எண்டு கேப்பினமே?"

"அங்கை ஆருடைய பிள்ளை எண்டதில்லை. நீர் என்ன படிச்சனீர் எண்டதுதான்" என்று பொன்மொழிபோலச் சொன்னேன்.

அவள் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "அப்படியெண்டால் எனக்கு அங்கை போகத்தான் வேணும்" என்றாள். அவள் வாய் திறந்து தனக்கு வேண்டும் என்று ஒன்றைச் சொன்னது அன்றைக்குத்தான். ஏன் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

2. பிரதி

தாதிப் பயிற்சிக்கான அறிவித்தல் அரசாங்க வர்த்தமானியான கசெற்றில் வந்தது. அது எங்கள் தபாற்கந்தோருக்கு வந்து சேரும்போது முடிவுத்திகதிக்கு இன்னும் ஐந்து கிழமையே இருந்தது. உயரம் குறிக்கப்பட்டிருந்தபடியால் மூன்று பேரையும் டிஸ்பென்சரிக் கதவில் நிறுத்தி அளந்தேன். பூமணி மயிரிழையில் தப்பினாள். கொண்டையைக் கணக்கில் சேர்க்கலாமா என்று கசெற் ஒன்றும் சொல்லவில்லை.

பத்திரங்களைக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துப் பூமணி ஒரு பழைய பிஸ்கற் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, நான் ஒன்று கேட்குமுன்பே போய்விட்டாள். திறந்து பார்த்தேன். பரீட்சைச் சான்றிதழில் தகப்பன் பெயர் வேலுப்பிள்ளை. வேலுப்பிள்ளையை எனக்குத் தெரியும். தெய்வானையின் புருசன், நாலாம் வாய்க்கால், அதிகம் கதைக்காத மனிதர். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் சின்னத்துரை.

எனக்கு ஒரு விநாடியும் சந்தேகம் வரவில்லை. கொலனிக் கந்தோரில் குடும்பப் பட்டியல் எழுதிய கிளாக்கர் பிழைவிட்டிருக்கிறார். பள்ளிக்கூடம் அந்தப் பட்டியலைப் பார்த்துப் பதிந்திருக்கிறது. தெய்வானை தாயல்ல, மாமி என்றும் வேலுப்பிள்ளை தாய்மாமன் என்றும் அந்தப் பிறப்புச் சான்றிதழில் இருந்த தாயின் பெயரும் பாட்டனின் பெயரும் தெளிவாகக் காட்டின. எத்தனையோ வீட்டில் மருமக்கள் வளர்கிறார்கள். இதிலென்ன? பட்டியலைத் திருத்தினால் முடிந்தது.

அன்று பின்னேரமே கடிதம் எழுதினேன். கொலனிக்குப் பொறுப்பான உத்தியோகத்தருக்கு. அவரை எல்லோரும் சி.ஓ. ஐயா என்பார்கள். இரண்டு பக்கம். பூமணி வேலுப்பிள்ளையின் மகள் அல்ல என்பதை முதற் பந்தியிலும், அவருடைய சகோதரியின் மகள் என்பதை இரண்டாம் பந்தியிலும், இந்தத் தவறு எட்டு வருடமாகக் கவனிக்கப்படாமல் இருப்பது வருந்தத்தக்கது என்பதை மூன்றாம் பந்தியிலும் நிறுவியிருந்தேன். படித்துப் பார்த்தேன். இவ்வளவு நல்ல கடிதத்தை ஒருவர் மட்டும் வாசிப்பது நியாயமல்ல என்று பட்டது. மாவட்ட அரசாங்கக் கந்தோருக்கும் போகட்டும் என்று கீழே 'பிரதி: கச்சேரிக்கு' என்று எழுதி இன்னொன்றும் எடுத்து, இரண்டையும் தபாற்பெட்டியில் போட்டேன்.

அடுத்த நாட் காலை வேலுப்பிள்ளை உழவுக்குப் போகும் வழியில் டிஸ்பென்சரி வாசலில் நின்றார். நல்ல செய்தியை நானே சொல்லுவோம் என்று கூப்பிட்டேன்.

"வேலுப்பிள்ளை அண்ணை, பூமணியின்ரை விசயம் எழுதிப் போட்டன். பட்டியலிலை உங்கடை மகள் எண்டு பிழையா இருக்குது. அவள் உங்கடை தங்கச்சியின்ரை மகள் எண்டு திருத்தச் சொல்லி சி.ஓ.வுக்கும் எழுதி, கச்சேரிக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறன்."

அவர் கோபிக்கவில்லை. நோயாளிகள் இருக்கும் வாங்கில் மெதுவாக இருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. நான் பழக்கதோசத்தில் நாடியைப் பிடிக்கப் போனேன். கையை இழுத்துக்கொண்டார்.

"பிழையில்லை ஐயா" என்றார். "அது நான் சொல்லி எழுதினது."

3. ஒரு நாளைக்கு

அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"காணிக் கச்சேரி எங்கடை தீவிலை நடந்தது. காணி இல்லாத ஆக்களுக்குக் குடுக்கிறது எண்டும், பிள்ளையள் கூட உள்ள ஆக்களுக்கு முதல் எண்டும் சொல்லிச்சினம். எனக்கு அப்ப ரெண்டு. எனக்கு முன்னாலை நிண்டவனுக்கு ஆறு. பிள்ளையளைக் கொண்டுவந்து காட்டச் சொன்னபடியா, தங்கச்சியின்ரை மூத்ததை ஒரு நாளைக்குத் தா எண்டு கேட்டுக் கூட்டிக்கொண்டு போனனான். நான் மட்டுமில்லை ஐயா. அண்டைக்கு வரிசையிலை நிண்ட பிள்ளையளிலை பாதி, தகப்பனை முதல்நாள்தான் அறிஞ்சது. எனக்குப் பின்னாலை நிண்டவன் ரெண்டு பேரை இரவல் வாங்கினவன். அதிலை ஒண்டுக்கு அவன்ரை பேரே தெரியாது."

"பிறகு?"

"காணி எனக்கு விழுந்திட்டுது. லொறியிலை ஏத்தேக்கை பட்டியலைப் பாத்துப் பேர் கூப்பிட்டு எண்ணினாங்கள். மூண்டு எண்டு எழுதினா மூண்டு நிக்கவேணுமே. அதாலை அவளையும் ஏத்தினது. ஒரு மாசத்திலை கொண்டுபோய் விடுவம் எண்டிருந்தம். அப்ப சி.ஓ. வாறார், ஓவசியர் வாறார் எண்டு ஒவ்வொரு மாசமும் எண்ணினாங்கள். பிறகு அவையள் எண்ணுறதை விட்டிட்டினம். நாங்களும் மறந்துபோனம். ஒரு நாளைக்கு இரவல் எடுத்த பிள்ளை. எட்டு வருசமாப் போச்சு."

பொய்த் தகவல் கொடுத்துப் பெற்ற காணிப் பெர்மிட் என்று நிரூபித்தால் காணியைத் திருப்பி எடுக்கலாம். அதை நிரூபிக்கத் தேவையான எல்லாவற்றையும் நான் மூன்று பந்தியில் எழுதிக் கொடுத்திருந்தேன்.

என் மனதில் முதலில் வந்த யோசனை, இன்னொரு கடிதம் எழுதலாம் என்பதுதான். நல்லவேளை, சைக்கிள் அதைவிடக் கிட்ட இருந்தது. தபாற்கந்தோருக்கு மிதித்துப்போனேன். தபாற்பை நேற்றுப் பின்னேரமே பஸ்ஸில் போய்விட்டது.

"போஸ்ட் மாஸ்டர், அதைத் திருப்பி எடுக்க ஏலாதே?"

"பெட்டிக்குள்ளை விழுந்தால் அது மகாராணியின்ரை கடிதம் ஐயா. அவாவுக்கு எழுதிக் கேட்டுப் பாருங்கோ. நீங்கள்தான் நல்லா எழுதுவியளே."

திரும்பி வந்தபோது டிஸ்பென்சரி வாசலில் தெய்வானை நின்றார். கால் புண் ஆறியிருந்தது. நான்தான் ஆற்றினேன். அந்தக் காலை ஊன்றிக்கொண்டுதான் அவர் என்னை ஏசினார்.

"மருந்து தாறதுக்குத்தானே உங்களை அனுப்பினது? ஆர் கேட்டது உங்களிட்டைக் கடுதாசி? எட்டு வருசம் காடு வெட்டின மண் ஐயா. பாம்பு பிடுங்கினது, யானை மிதிச்சது, காய்ச்சல் அடிச்சது எல்லாத்துக்கும் தப்பினம். ஒரு பேனைக்குத் தப்பேலாமல் போச்சு."

பூமணி பின்னால் நின்றாள். அவள் கையில் நான் நிரப்பி வைத்திருந்த விண்ணப்பம்.

"ஐயா, நான் போகேல்லை. உங்களிட்டைத் தாறன், கிழியுங்கோ. என்னாலை காணி போச்சு எண்டு வேண்டாம்."

நான் கிழிக்கவில்லை. மேசை லாச்சிக்குள் வைத்தேன். முடிவுத்திகதி வந்தது, போனது. திலகத்தின் விண்ணப்பம் மட்டும் போனது. திலகத்துக்கு இடமும் கிடைத்தது. ஒரு எலும்பின் பெயரையும் சரியாகச் சொல்லாத பிள்ளை. அவளுடைய றங்குப் பெட்டியை அடுக்கிக் கொடுத்தவள் பூமணி. ஹயருன்னிசாவுக்கு வாப்பா அந்த வருடம் சம்மதிக்கவில்லை.

இதையெல்லாம் கேட்ட ஞானம் மிஸ்ஸி விறாந்தைப் படியில் இருந்து தலையில் கைவைத்தார்.

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கப்படாதே ஐயா? ரெண்டு தகப்பன் பேரிலையும் இருக்கிறது ஒரே பிள்ளைதான் எண்டு ஒரு சத்தியக் கடதாசி முடிச்சு வைச்சால் காணும். சி.ஓ.வும் வேண்டாம், கச்சேரியும் வேண்டாம். இந்தக் கொலனியிலை பாதிப் பிள்ளையளுக்கு ரெண்டு தகப்பன். எல்லாத்துக்கும் அப்பிடித்தானே செய்யிறது."

4. விசாரணை

கச்சேரியிலிருந்து 'விசாரித்து அறிக்கை தரவும்' என்று சி.ஓ.வுக்கு உத்தரவு வர எட்டு மாதம் சென்றது. அந்த எட்டு மாதத்தில் நாலாம் வாய்க்காலில் என்னைக் கண்டு ஒருவரும் சிரிக்கவில்லை. பூமணி மட்டும் சனிக்கிழமைகளில் வழக்கம்போல வந்து வேலை பார்த்தாள். அவள் என்னோடு கோபமாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

விசாரணைக்கு மேசை கதிரை உள்ள இடம் டிஸ்பென்சரிதான். ஒரு காலை ஒன்பது மணிக்கு ஜீப் வந்து நின்றது. ஒன்பதே காலுக்குள் நாலாம் வாய்க்கால் முழுவதும் வாசலில் கூடிவிட்டது. ஒரு பட்டியல் திறபட்டால் எல்லாப் பட்டியலும் திறபடும் என்று எல்லோருக்கும் தெரியும். சும்மா நின்றால் சந்தேகம் வரும் என்று ஆளுக்கொரு வெறும் போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கொலனியில் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் வருத்தம் வந்தது அந்த ஒரு நாள்தான்.

சி.ஓ. பருத்த மனிதர். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோவையைத் திறந்தார். மேலே என் கடிதம் இருந்தது. அது மிகவும் அழகாக இருந்தது.

"வேலுப்பிள்ளை. மனுசி தெய்வானை. பிள்ளையள் மூண்டு. மூத்தது பூமணி. சரியோ?"

"ஓம் ஐயா" என்றார் வேலுப்பிள்ளை.

"பூமணி ஆற்றை பிள்ளை?"

வேலுப்பிள்ளை தெய்வானையைப் பார்த்தார். பூமணி முன்னால் வந்தாள்.

"என்னைப் பெத்தவர் சின்னத்துரை ஐயா. காணிக் கச்சேரிக்கு மாமா கூட்டிக்கொண்டு போனவர்."

"ஏன் கூட்டிக்கொண்டு போனவர்?"

"எண்ணிக்கைக்கு."

வாசலில் போத்தல்கள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம் கேட்டது.

"எண்ணிக்கைக்கு வந்த ஆள், எண்ணி முடிஞ்ச பிறகு ஏன் திரும்பிப் போகேல்லை?"

"ஒருத்தரும் திருப்பிக் கேக்கேல்லை ஐயா. அங்கை எனக்குப் பிறகு நாலு பொம்பிளைப் பிள்ளையள். அங்கை ஒண்டு குறைஞ்சது நல்லது. இஞ்சை ஒண்டு கூடினது நல்லது. ரெண்டு வீட்டிலையும் நான் எண்ணிக்கைதான்."

அழாமல், காய்ச்சற்குழாயைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னாள். அவள் ஏன் போக ஆசைப்பட்டாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒன்றேகால் வருடம் அவளுக்குப் படிப்பித்தவன் நான்.

ஞானம் மிஸ்ஸி தன்னுடைய பேற்றுப் பதிவுப் புத்தகத்தோடு மேசைக்கு வந்தார்.

"எண்ணிக்கைதான் வில்லங்கம் எண்டால் இதையும் ஒருக்காப் பாருங்கோ ஐயா. தெய்வானைக்கு இந்த மண்ணிலை பிறந்தது: ஆறு பவுண் நிறையிலை ஒண்டு, ஏழரைப் பவுண் ஒண்டு, ஆறரை ஒண்டு, போன வருசம் ஏழு பவுண். எல்லாம் என்ரை கையிலை. கொண்டுவந்த சொந்தப் பிள்ளையள் ரெண்டு. கூட்டினால் ஆறு."

"இதுவும் இருக்கு ஐயா" என்று தெய்வானை வயிற்றைக் காட்டினார்.

சி.ஓ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் இது சுகமாக முடிய வேண்டும் என்று இருந்தது தெரிந்தது.

"அண்டைக்கு மூண்டு எண்டு காணி குடுத்தம். இப்ப பூமணியை விட்டாலும் ஆறு. அப்ப சுகமான வழி இருக்கு. பூமணியின்ரை பேரை வெட்டுவம். 'தவறுதலாகச் சேர்க்கப்பட்டது' எண்டு ஒரு வசனம். கச்சேரிக்கும் அது காணும். காணியும் தப்பும். பிள்ளையும் தன்ரை தகப்பன்ரை பேரிலை விண்ணப்பிக்கலாம். என்ன வேலுப்பிள்ளை?"

பேனையைத் திறந்தார். எனக்கு மூச்சு வந்தது. என் கடிதம் கேட்டதும் இதைத்தான்.

"வெட்டாதேங்கோ ஐயா" என்றார் வேலுப்பிள்ளை.

"என்ன?"

"பேர் இருக்கட்டும்."

"இருந்தால் நீர் அண்டைக்குப் பொய் சொன்னதெண்டு ஆகுமப்பா. உமக்கு இப்ப அவளின்ரை பேர் தேவையுமில்லையே."

"அண்டைக்குச் சொன்னது பொய்தான். அவளுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்து இருபத்தொரு நாள் கிடக்கேக்கை பக்கத்திலை நான் இருந்தது பொய்யே ஐயா? தேவைக்கு எழுதிப்போட்டு, தேவை முடிஞ்ச உடனை வெட்டுறதெண்டால், அவள் இப்ப சொன்னது சரியெண்டு ஆகிடும். காணியை வேணுமெண்டால் எடுங்கோ. பேரை வெட்டாதேங்கோ."

தெய்வானைதான் புருசனின் சால்வையைப் பிடித்து இழுத்தார்.

"இஞ்சரப்பா, உங்களுக்கென்ன விசரே? 'பேரை வெட்டாதேங்கோ' எண்டதோடை நிப்பாட்டுங்கோவன். காணியை ஏன் அதுக்குள்ளை இழுக்கிறியள்?"

முதலில் சிரித்தவர் சி.ஓ. பிறகு போத்தல்காரர் எல்லோரும் சிரித்தார்கள். அவர் பேனையை மறுபடி எடுத்து, பட்டியலில் 'மகள்' என்று இருந்த இடத்தில், அதற்கு முன்னால் 'வளர்ப்பு' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். ஒன்றையும் வெட்டவில்லை. அறிக்கையில் அவர் வேறென்ன எழுதினாரோ தெரியாது. காணியைப் பற்றிக் கச்சேரியிலிருந்து பிறகு கடிதம் வரவில்லை.

போகும்போது என்னை ஜீப்படிக்குக் கூப்பிட்டார்.

"அப்போதிக்கரியார், கச்சேரிக்கு ஏன் பிரதி அனுப்பினனீர்? எனக்கு மட்டும் எழுதியிருந்தால் அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டியிருப்பன். இந்தக் கொலனியிலை ஆர் ஆர் இரவல் எண்டு எனக்குத் தெரியாதெண்டு நினைச்சீரே?"

பிறகு கூட்டத்தைப் பார்த்து, "வருத்தமில்லாத ஆக்கள் வீட்டை போகலாம்" என்றார்.

ஒருவரும் போகவில்லை. பூமணி வாசலுக்குப் போய், "வந்தது வந்தாச்சு, மிக்ஸ்சர் கொண்டு போங்கோ" என்று ஒவ்வொருவர் கையிலிருந்தும் போத்தலை வாங்கத் தொடங்கினாள். நாலாவது போத்தல் கைதவறி விழுந்து உடைந்தது. அவள் கையிலிருந்து ஒரு பொருள் விழுந்ததை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்க வேலுப்பிள்ளை குனிந்தார். இரண்டு பேரும் நெடுநேரம் பொறுக்கினார்கள். ஒரு சின்னப் போத்தல்தான்.

அடுத்த வருடம் ஞானம் மிஸ்ஸி சொன்னபடி சத்தியக் கடதாசி ஒன்று முடித்து, பூமணியும் ஹயருன்னிசாவும் விண்ணப்பித்தார்கள். பூமணி தாதியாகவும் ஹயருன்னிசா மருத்துவிச்சியாகவும் பயிற்சிக்குப் போனார்கள். பூமணிக்கு இப்போது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. லீவு கிடைத்தால் கொலனிக்குத்தான் வருகிறாள். அவளை நாலாம் வாய்க்காலில் எல்லோரும் மிஸ்ஸி என்கிறார்கள். தெய்வானை மட்டும் 'எடியே' என்கிறார்.

5. படித்த பாடம்

இளம் நண்பர்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு பிள்ளைக்கு வழிகாட்ட நினைத்தால், பேனையைத் திறக்குமுன் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போங்கள். தரும் கதிரையில் இருங்கள். தேத்தண்ணியைக் குடியுங்கள். ஒன்றும் கேட்காமல் அவர்கள் கதைப்பதைக் கேளுங்கள். ஒரு தேத்தண்ணி குடிக்க நான் மினக்கெட்டிருந்தால் பூமணிக்கு ஒரு வருடம் வீணாகியிராது. வேலுப்பிள்ளை எட்டு மாதம் நித்திரை இல்லாமல் இருந்திருக்க மாட்டார். உடற்கூற்றுப் புத்தகத்தில் இல்லாத இந்தப் பாடத்தைப் படிக்க எனக்கு ஒரு விசாரணை தேவைப்பட்டது.

இதுவரை எழுதி முடித்த கையோடு இந்த வருடம் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போயிருந்தேன். அங்கே தெய்வானையைக் கண்டேன். ஏழாவது பிள்ளை சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. குறிப்பு எழுதியிருக்கிறேன் என்று சொல்லி, கடைசியில் வரும் பாடத்தையும் சற்று உருக்கமாகவே சொன்னேன். அவர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"தேத்தண்ணி தந்திருப்பம் ஐயா" என்றார். "இந்தக் கதையைச் சொல்லியிருக்க மாட்டம்."

"ஏன்?"

"நீங்களும் கவுண்மேந்து ஆள்தானே."